சேர்வராயன் மலையும் வல்லாரைக் கீரையும்

சேர்வராயன் சுவாமிக்கு நேர்ந்துகொண்டவன் நான் அல்லன், என் தமக்கையார். அவருக்கு வயது 76. சேலத்தில் வாழ்க்கைப்பட்டு 50 ஆண்டுகளுக்கு மேலாகிறது. மாடியில் துணி உலர்த்தப் போனால் கண்ணெதிரே நீலமாய் நிற்கும் அந்த மலைமீது, இத்தனை ஆண்டுகளில் அவர் ஏறியது இரண்டே முறை. அதுவும் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில், ஏரியில் படகு விடுவதற்காக. கோயிலுக்குப் போனதில்லை. இந்தத் தை மாதம்தான் "அந்த மலைக்கு நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். தம்பி, நீ கூட்டிக்கொண்டு போ" என்றார்.

மலையிடம் மன்னிப்பா என்று என் துணைவியார் வியந்தார். எனக்குக் காரணம் தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்கு மறதி தொடங்கியது. அடுப்பில் பால் பொங்கி வழியும், அவர் பூக்கட்டிக்கொண்டிருப்பார். பேத்தியின் பெயருக்குப் பதில் மகளின் பெயரைச் சொல்வார். இதெல்லாம் இந்த வயதில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் என்று விட்டுவிட்டோம். எங்களைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. சிறுமியாக இருந்த நாள் முதல் நாள் தவறாமல் சொல்லிவந்த கந்த சஷ்டி கவசம் நடுவில் அறுந்து நின்றது. பூஜை அறையில் கைகூப்பியபடி, அடுத்த வரி எங்கே என்று தேடிக்கொண்டு அவர் நின்ற தோற்றத்தை நான் மறக்க இயலாது. கூடவே வயிற்று வலி, மலச்சிக்கல், உடல் வெளுப்பு. சப்பாத்திக் கட்டையை அழுத்தினால் மணிக்கட்டு தளர்ந்து தொய்ந்தது.

மூன்று மருத்துவர்களைப் பார்த்தோம். முதுமை மறதி என்றார் ஒருவர்; இரத்தசோகை என்றார் மற்றொருவர். மூன்றாமவர் இளைஞர். அவர்தாம் நிதானமாக, "அம்மா, நான் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு ஏதேனும் மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையசைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு, விபூதிச் சம்புடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். வாசலில் வந்த ஒருவர், "ஏற்காட்டு மலை வல்லாரையில் செய்த ஞாபகசக்திச் சூரணம், செந்தூரம் சேர்ந்தது" என்று சொல்லி விற்றதாம். எட்டு மாதமாகக் காலையும் மாலையும் தேனில் குழைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார். மறதி சற்றே தலைகாட்டியதும் எங்களுக்குத் தெரியாமல் அவரே தேடிக்கொண்ட பரிகாரம் அது.

சூரணத்தையும் இரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினோம். இரண்டிலும் காரீயம். மூளைக்கு என்று வாங்கியதே மூளையைத் தின்றுகொண்டிருந்தது.

டப்பாவை நிறுத்தினோம். உலோகத்தைப் பற்றி இழுத்துச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகளை, சிறுநீரகத்தைக் கவனித்தபடி சில வாரங்கள் கொடுத்தார்கள். வயிற்று வலி முதலில் போயிற்று. மணிக்கட்டு தேறியது. மறதி மெல்ல மெல்லக் குறைந்தது, முழுவதும் போகவில்லை. அந்த நாட்களில் அக்கா ஏற்காட்டு மலையைத் திட்டாத நாளில்லை. தெளிவு திரும்பிய பிறகுதான், "விற்றவன் செய்த குற்றத்துக்கு மலை என்ன செய்யும்?" என்று மனம் நொந்து நேர்ந்துகொண்டார்.

காலை 6 மணிக்குச் சுகவனேசுவரர் கோயிலில் தரிசனத்தை முடித்துக்கொண்டு புறப்பட்டோம். கோரிமேட்டைத் தாண்டினால் அடிவாரம். போகும் வழியில் நிலம் வெள்ளை வெளேரென்று கிடப்பதைக் காணலாம். வெள்ளைக்காரர்கள் இதைச் சுண்ணாம்புக் குன்று என்று பெயரிட்டழைத்தார்கள். உண்மையில் அது சுண்ணாம்பு அன்று, மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல். உருக்காலை உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய செங்கற்கள் செய்ய இது பயன்படுகிறது. சேலத்தைச் சுற்றி எந்த மலையை எடுத்துக்கொண்டாலும் ஏதோ ஓர் உலோகம் உள்ளே இருக்கிறது. தென்மேற்கே கஞ்சமலையில் இரும்பு. வடக்கே சேர்வராயன் மலையின் தலைமேல் அலுமினியத்தின் தாதுவாகிய பாக்சைட்.

கஞ்சமலையைச் சொன்னதும் அங்குள்ள சித்தேசுவரர் கோயில் நினைவு வருகிறது. அமாவாசை தோறும் கூட்டம் நெரியும் தலம். அங்கே திருமூலரின் சீடர் உணவு சமைக்கையில், கிடைத்த குச்சியொன்றால் சோற்றைக் கிளற, சோறு கறுத்துப் போயிற்று. குரு சினப்பாரே என்று அஞ்சி அதைத் தாமே உண்டுவிட, முதுமை நீங்கி இளைஞரானார் என்பது அத்தலத்தில் வழங்கும் கதை. அந்தச் சீடரைக் காலாங்கிநாதர் என்பர். அவருடைய சீடர் போகர். போகரோ பழனியில் நவபாஷாணத்தால் முருகனை வடித்தவர். ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துக் கட்டி, நஞ்சை மருந்தாக்கிய பரம்பரை இது. உலோகத்தையும் மூலிகையையும் சித்தர்கள் பிரித்துப் பார்த்ததே இல்லை. பாதரசத்தைச் செங்கல் தூளிலும் மஞ்சளிலும் அரைத்துக் கழுவி, குப்பைமேனிச் சாற்றில் இட்டுக் காய்ச்சிச் சுத்தி செய்யும் முறை சித்த மருத்துவத்தில் இன்றும் உண்டு. உலோகத்தின் கேட்டை மூலிகைச் சாறு எடுக்கும் என்பது அவர்கள் துணிபு. முறையறிந்தவர் கையில் அது ஒரு சாத்திரம். வாசலில் டப்பா விற்பவரின் கையில் அது என்ன என்பதற்கு என் அக்காவே சாட்சி.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. அக்கா பலகையைப் பார்க்காமல் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். 13-க்குப் பிறகு 15 என்றார். நானும் என் துணைவியாரும் வாய் திறக்கவில்லை. குரங்குகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேலே ஏற ஏற மூங்கில் குறைந்து, சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள் தொடங்கின. மரங்களில் மிளகுக் கொடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் கொண்டுவந்து நட்டது இங்குள்ள காப்பி. தை மாதமாகையால் சில செடிகளில் சிவந்த பழங்கள் பறிக்கப்படாமல் மிச்சமிருந்தன.

ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு. ஏரிக்கரையில் நிற்காமல் நேரே தேசிய ஆர்க்கிட் பூங்காவுக்குப் போனோம். இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை 1963-இல் நிறுவிய இடம் இது. பூச்சியைப் பிடித்துண்ணும் குடுவைச் செடியைக் காணத்தான் பிள்ளைகள் அங்கே மொய்க்கிறார்கள். நான் தேடிப்போனது வேறு: சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்னும் மரம். இம்மலைக்கே உரியது, அழியும் நிலையில் உள்ளது. பார்வைக்கு மிகச் சாதாரணமான மரம். தெரியாதவர்கள் விறகுக்கு வெட்டிவிடுவார்கள்.

பூங்காவிலிருந்து சேர்வராயன் கோயில் சில கிலோமீட்டர். மண்ணின் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். காவியும் செம்மையும் கலந்து, ஆங்காங்கே பொருக்குப் பொருக்கான கல். இதுவே பாக்சைட். மேட்டூரில் 1960-களில் அலுமினிய ஆலை எழுந்தபோது, அதற்கு வேண்டிய தாது இம்மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் லாரிகளில் இறங்கியது. ஆலையின் அலுமினியத் தயாரிப்பு 2008 வாக்கில் நின்றது. நம் வீடுகளில் பித்தளையையும் ஈயம் பூசிய பாத்திரங்களையும் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டு அலுமினியக் குண்டான்களை வாங்கிய காலமும் அந்த 1960-களும் 1970-களும்தாம். அந்தக் குண்டானில் இம்மலையின் துகளும் இருந்திருக்கும்.

அலுமினியம் கன உலோகம் அன்று, மிக இலேசானது. ஆயினும் மூளையைத் தாக்கும் உலோகங்களைப் பற்றி ஆராய்பவர்கள் ஈயம், பாதரசம், காட்மியம் ஆகியவற்றோடு இதையும் சேர்த்தே பேசுகிறார்கள். 1970-களில் அமெரிக்காவில், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள் சிலருக்குப் பேச்சுக் குழறி, நினைவு தப்பி, வலிப்பும் வந்தது. சுத்திகரிப்புக்குப் பயன்படுத்திய நீரில் இருந்த அலுமினியமே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு உணவின் வழியே சேரும் சிறிதளவு பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. புளிக்குழம்பையும் ரசத்தையும் மட்டும் அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்சி வைக்காமலிருப்பது நலம். புளிப்பு உலோகத்தைக் கரைக்கும்.

ரசம் என்றதும் ஈயச் சொம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பெரியவர்கள் ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். அதனால் தீங்கில்லை. நஞ்சாவது காரீயம். இரண்டும் 'ஈயம்' என்னும் ஒரே பெயரில் வழங்குவதால் வரும் குழப்பம் கொஞ்சமன்று. வெள்ளீயம் விலை மிகுந்தது, காரீயம் மலிவு. ஆகவே கலப்படம் செய்பவர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. அறிந்த கடையில், சோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள். குங்குமத்துக்கும் இதுவே. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதுதான் நம் குங்குமம். அதற்குப் பதில் ஈயச் செந்தூரத்தைக் கலந்து பளபளவென்று விற்பதும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் நம் டெல்லி, மும்பையிலும் வாங்கிய 118 மாதிரிகளைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வொன்று, அவற்றில் பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்ததாகக் கூறுகிறது. நெற்றியில் இடுவது விரலில் ஒட்டும். அந்த விரல் பிரசாதத்தைத் தொடும். மடியிலிருக்கும் குழந்தை அதை வாயில் வைத்துக்கொள்ளும்.

காரீயம் மூளைக்குள் எப்படிப் போகிறது என்பதை அந்த இளம் மருத்துவர் எனக்கு விளக்கினார். உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி ஏமாறுகிறதாம். கால்சியம் போகும் வாசல்களிலெல்லாம் நுழைந்து, நரம்புகளின் பேச்சைக் குலைக்கிறது. உயிரணுக்களைத் துருப்பிடிப்பதுபோல் அரிக்கும் நச்சு மூலக்கூறுகள் பெருகுகின்றன. அவற்றைத் தடுக்கும் குளுட்டதயோன் போன்ற காவற்பொருட்களை ஈயம் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. எஞ்சியது எலும்பில் போய்ப் படிந்து, பத்துக்கணக்கான ஆண்டுகள் தங்கியிருக்கும். முதுமையில், அதிலும் பெண்களுக்கு, எலும்பு தேயும்போது அது மீண்டும் இரத்தத்துக்கு வரும். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு வரை விற்கப்பட்டது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள்தாமே நாமெல்லாரும்! நான் வங்கியில் வேலை பார்த்த நாட்களில், எப்போதோ தள்ளுபடி செய்த கடன் 20 ஆண்டு கழித்து வேறு பெயரில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எலும்பிலிருந்து இறங்கும் ஈயம் எனக்கு அதைத்தான் நினைவூட்டியது.

அப்படியானால் வல்லாரை பொய்யா? இல்லை. பணி ஓய்வுக்குப் பின் எனக்குப் படிக்க நேரம் இருக்கிறது. வல்லாரைச் சாறு, நீர்ப்பிரமிச் சாறு, மஞ்சளின் குர்குமின் இவற்றையெல்லாம், ஈயமோ அலுமினியமோ கொடுக்கப்பட்ட எலிகளுக்குத் தந்து பார்த்திருக்கிறார்கள். சாறு பெற்ற எலிகளின் மூளையில் அரிப்பு குறைவாக இருந்தது; வழி கண்டுபிடிக்கும் சோதனைகளில் அவை மற்றவற்றை விட நன்றாகச் செய்தன. இந்த முடிவுகள் நம் நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பலமுறை வந்துள்ளன. ஆனால் அவை எலிகள். பல ஆய்வுகளில் நஞ்சும் மூலிகையும் ஒன்றாகவே கொடுக்கப்பட்டன; ஏற்கெனவே எலும்பிலும் மூளையிலும் படிந்ததை எடுப்பது வேறு காரியம். மனிதரிடம் செய்து பார்த்தவை மிகச் சில. ஈரானில் கார் பேட்டரித் தொழிலாளர் 117 பேரைக் கொண்டு, பூண்டை டி-பெனிசிலமின் என்னும் மருந்தோடு ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டார்கள். மிதமான ஈயப் பாதிப்பில் பூண்டு அம்மருந்துக்குச் சளைக்கவில்லை. கொத்துமல்லிச் சாற்றை ஈயம் ஏறிய குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதோ, வெறும் பாகு குடித்த குழந்தைகளுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே பூண்டு ரசம் வையுங்கள், கொத்துமல்லித் துவையல் அரையுங்கள். ஈயம் ஏறியிருக்கிறது என்றால் மருத்துவரிடம் போங்கள்.

வல்லாரையைப் பற்றி நான் படித்தவற்றுள் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது மலேசியாவிலிருந்து வந்தது. அங்கே வல்லாரையைப் பச்சையாகவே உணவோடு சேர்த்துக்கொள்வார்கள். மண்ணில் ஈயம், துத்தநாகம் முதலியன இருந்தால் இந்தக் கொடி அவற்றை உறிஞ்சி வேரிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும் என்றும், ஓரிடத்து மண் மாசுபட்டதா என்று அறிய வல்லாரையையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்றும் அங்குள்ள ஆய்வாளர் எழுதியிருக்கிறார்கள். செடிகள் உலோகத்தைப் பொறுத்துக்கொள்ளத் தமக்கென ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. குளுட்டதயோனைக் கோத்துச் சங்கிலி போலச் செய்து, அதனால் உலோகத்தைக் கட்டி ஒரு மூலையில் வைத்துவிடும். 1985-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தார்கள். செடிக்கு அது காவல். பறித்து உண்பவருக்கு அது வரவு. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையைச் சுற்றிப் பாதரசம் பரவிய கதையையும் மரப்பாசியும் கல்பாசியும்தாம் சொல்லின. ஐதராபாத் ஆய்வகத்தார் அவற்றைத்தான் எடுத்துச் சோதித்தார்கள். சாக்கடை ஓரத்தில், சாயப்பட்டறை வாய்க்காலில், நெடுஞ்சாலைப் பள்ளத்தில் தழைத்து நிற்கும் வல்லாரையைப் பார்த்தால் இனி எனக்குக் கை நீளாது.

கோயில், மலையின் உச்சியில் சுமார் 5,300 அடி உயரத்தில் இருக்கிறது. கோபுரம் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பரந்த மேட்டுவெளி, அதில் ஒரு சிறு கோயில், உள்ளே தாழ்வான குகை. குனிந்து, சில இடங்களில் ஏறத்தாழ முழந்தாளிட்டுத்தான் போக வேண்டும். கல்லிலிருந்து நீர் கசிந்து தரை ஈரமாய் இருந்தது. வயதானவர்கள் செருப்பில்லாக் கால் வழுக்காமல் யாரையேனும் பிடித்துக்கொள்வது நல்லது. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மலை ஆணாகவும் ஆறு பெண்ணாகவும் ஓரிடத்தில் குடியிருக்கும் இந்தச் சந்நிதியில், குகை காவிரி வரைக்கும் நீள்கிறது என்று மலைமக்கள் நம்புகிறார்கள். பூசை செய்பவர்கள் இம்மலையின் மலையாளி மக்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் வழியினர் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவர் வழியினர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் திருவிழாவுக்கு 60-க்கும் மேற்பட்ட மலைக்கிராமத்தார் கூடுவார்கள். அந்த நாட்களில் முதியவர்கள் கூட்டத்தில் சிக்காமல், இப்படித் தை, மாசியில் வருவது வசதி.

அக்கா குகைக்குள் வர முடியுமா என்று எனக்குக் கவலை. பூசாரி, அவரும் முதியவர், "பாட்டி, என் தோளைப் புடிச்சுக்கோ, மெதுவா வா" என்று முன்னே நடந்தார். உள்ளே தீபம் காட்டியபோது அக்கா உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் முயலவில்லை. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. பூசாரி அவசரப்படுத்தவே இல்லை. மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காணிக்கையைத் தட்டில் வைத்துவிட்டு, வெளியே வெயிலுக்கு வந்ததும் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "சொல்லிட்டேன்."

மேட்டுவெளியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டோம். சுற்றிலும் செம்மண். கண்ணுக்குக் கீழே காப்பித் தோட்டங்கள். காற்று ஓயவில்லை.

இறங்கி வருகையில் ஊருக்குச் சற்று முன்பாக, சாலையோரம் ஒரு மலையாளி மூதாட்டி சாக்கு விரித்துக் கடை வைத்திருந்தார். மிளகு, பலாக்கொட்டை, கொய்யா, ஈரத்துணியில் சுற்றிய வல்லாரைக் கட்டுகள். அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார். என் துணைவியார் என்னைப் பார்த்தார். நான் பேசாமலிருந்தேன்.

"ஏம்மா, இது எங்கே பறிச்சது?" என்றார் அக்கா.

"எங்க காப்பித் தோட்டத்து ஊத்துக்குப் பக்கம், பாட்டிம்மா. காலையில பறிச்சதுதான்."

"சாக்கடை, ரோடு ஏதாவது பக்கத்தில இருக்கா?"

அந்த மூதாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊருக்கு ரோடே கெடையாதே!" என்றார்.

இரண்டு கட்டு வாங்கினோம். "இதைப் பொடியாக்கி டப்பாவில் போட்டுத் தருகிறார்களே, அதை நீங்கள் செய்வதுண்டா?" என்று நான் கேட்டேன். கீரையைப் பொடியாக்குவானேன், தின்ன வேண்டியதுதானே என்றார். அவர்கள் வீட்டில் இதைத் துவையலாகவோ, பருப்புப் போட்டுக் கடைந்தோ உண்பார்களாம். செந்தூரம் என்ற சொல்லையே அவர் விளங்கிக்கொள்ளவில்லை.

சூரணமும் செந்தூரமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமானால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம், உரிமம் பெற்ற நிறுவனத்தின் மருந்தாக, உறையில் தயாரிப்பு எண்ணும் தேதியும் பார்த்து வாங்குங்கள். மருந்தில் காரீயம் பத்து லட்சம் பங்குக்கு 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தீங்கு தரும் அளவில் இருந்தது. அதன் பிறகுதான், ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்குக் கன உலோகச் சோதனை 2006 முதல் கட்டாயமாயிற்று. வாசலில் வருபவருக்கு எந்தச் சோதனையும் இல்லை. மருத்துவர் கேட்கும்போது, சாப்பிடும் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். விபூதிச் சம்புடத்துக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து. சேலம் பக்கம் வருபவர்களுக்கு இன்னொரு செய்தி: மேட்டூர் அணையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் மூலிகைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அலுமினியம் உருக்கிய ஊரிலேயே அது அமைந்திருப்பதை நான் தற்செயல் என்றுதான் கொள்கிறேன். அக்கா அப்படிக் கொள்ளவில்லை.

மாலையில் லேடீஸ் சீட் என்னும் முனையில் சற்று நேரம் நின்றோம். கீழே சேலம் நகரம் புகைபோல் விரிந்து கிடந்தது. கஞ்சமலை தனியாக நின்றது. வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் அணையின் நீர்கூடத் தெரியும் என்பார்கள், அன்று மூட்டம்.

மறுநாள் காலை அக்கா வீட்டில் கீரையை மூன்று தண்ணீரில் அலசி, தேங்காயும் மிளகாயும் புளியும் வைத்துத் துவையல் அரைத்தார். மிக்ஸி வேண்டாமென்று அம்மியில். மணிக்கட்டு தொய்யவில்லை. நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அரைத்து முடித்து வழித்தெடுக்கும்போது, "உப்புப் போட்டேனா, தம்பி?" என்று கேட்டார்.

"போட்டாய், அக்கா."

கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் சொன்னேன்.